சிகிச்சை வேலையிலிருந்து சம்பள வேலைக்கு

மனநோயாளிகளை வேலையில் ஈடுபடுத்தும் வழக்கம் மனநலக் காப்பகங்கள் தோன்றிய காலந்தொட்டே உண்டு. அந்த வேலைக்குக் கூலி உண்டா, வெளியுலகில் அதற்கு மதிப்பு உண்டா என்ற கேள்விகள் வெகுகாலம் கழித்தே எழுந்தன. தொழில்வழி மறுவாழ்வின் வரலாறு பெரும்பாலும் இக்கேள்விகளின் வரலாறே.

இங்கிலாந்தின் யார்க் நகரில் தேயிலை வணிகர் வில்லியம் டியூக்கின் முயற்சியால் 1796இல் ‘ரிட்ரீட்’ இல்லம் திறக்கப்பட்டது. சங்கிலியைக் கைவிட்ட அவ்வில்லத்தில் தோட்ட வேலையும் தையலும் சிகிச்சையின் பகுதியாயின. 1831இல் லண்டனை அடுத்த ஹான்வெல்லில் தொடங்கிய பெரிய காப்பகம், அதன் முதல் கண்காணிப்பாளர் வில்லியம் எல்லிஸின் கீழ் இம்முறையை விரிவாக்கியது. நோக்கம் நல்லதுதான். ஆனால் காப்பகங்கள் பெருத்தபோது பண்ணை, சலவைக்கூடம், சமையற்கூடம் எல்லாம் நோயாளிகளின் உழைப்பையே நம்பி நடந்தன. நன்றாக உழைப்பவரை வீட்டுக்கு அனுப்ப எந்த நிர்வாகத்துக்கு மனம் வரும்? அமெரிக்காவில் 1973இல் தீர்ப்பான சௌடர் எதிர் பிரென்னன் வழக்கு, குறைந்தபட்சக் கூலிச் சட்டம் மருத்துவமனையில் உழைக்கும் நோயாளிகளுக்கும் பொருந்தும் என நிலைநாட்டியது. கூலி கொடுக்க விரும்பாத பல மருத்துவமனைகள் வேலையையே நிறுத்திவிட்டன.

இத்தாலியின் திரியெஸ்தே நகரம் வேறு வழியில் சென்றது. 1971இல் அங்குள்ள மனநல மருத்துவமனைக்குப் பொறுப்பேற்ற பிராங்கோ பசாலியா, அற்பச் சன்மானத்துக்கு வார்டுகளைத் துப்புரவு செய்துவந்த நோயாளிகள் கூட்டுறவுச் சங்கமாக அமைய வழிசெய்தார். அதே வேலைதான், இப்போது அதற்கு ஒப்பந்தமும் ஊதியமும் இருந்தன. நோயாளி தொழிலாளியானார். இவ்வகைச் சமூகக் கூட்டுறவுகளுக்கு 1991ஆம் ஆண்டின் 381ஆம் எண் சட்டம் தேசிய அளவில் வடிவம் தந்தது. வேலைவாய்ப்புக்கான கூட்டுறவுகளில் குறைந்தது 30 விழுக்காட்டினர் பின்தங்கிய நிலையில் உள்ளோராக இருக்கவேண்டும் என்பது அதன் விதி.

நியூயார்க்கில் 1948இல் நிறுவப்பட்ட ஃபவுண்டன் ஹவுஸ், மருத்துவமனையிலிருந்து வெளிவந்தவர்கள் ஒன்றுகூடிய முயற்சியிலிருந்து வளர்ந்தது. அங்கே அவர்கள் நோயாளிகள் அல்லர், உறுப்பினர்கள். பின்னாளில் வெளி நிறுவனங்களில் குறிப்பிட்ட காலத்துக்குச் சம்பள வேலை பெற்றுத் தரும் ஏற்பாட்டையும் அது உருவாக்கியது.

ஆயினும் பெரும்பாலான இடங்களில் முதலில் பயிற்சி, பிறகு வேலை என்பதே நடைமுறை. பயிற்சிப் பட்டறைக்குள் நுழைந்தவர் பல்லாண்டு அங்கேயே தங்கிவிடுவதும் வழக்கமாயிற்று. 1990களில் அமெரிக்காவின் நியூஹாம்ப்ஷயரில் ராபர்ட் டிரேக்கும் டெபோரா பெக்கரும் இந்த வரிசையைத் தலைகீழாக்கினர். வேலை செய்யும் விருப்பம் ஒன்றே தகுதி. முதலில் வெளியுலகில் சாதாரண வேலை. பயிற்சியும் துணையும் அங்கே தொடரும். வேலை தேடித் தருபவரும் மருத்துவரும் ஒரே குழுவில் இயங்குவார்கள்.

ஆறு ஐரோப்பிய மையங்களில் கடும் மனநோய் கொண்ட 312 பேரிடம் நடந்து 2007இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வில், இம்முறையில் 55 விழுக்காட்டினரும் பழைய முறையில் 28 விழுக்காட்டினரும் ஒரு நாளாவது சம்பள வேலை பார்த்தனர். ஒரு நாள் என்பது எளிய அளவுகோல்தான். ஆனால் வேலைச் சுமை நோயை முற்றச்செய்யும் என்ற அச்சத்தை அந்த முடிவுகள் ஆதரிக்கவில்லை. புதிய முறையில் மருத்துவமனையில் மீண்டும் சேர்ந்தோர் குறைவு.

சென்னையில் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையை வழிநடத்திய சாரதா மேனன் 1984இல் தொடங்கிய ஸ்கார்ஃப் அமைப்பு, மனச்சிதைவு நோயாளிகளின் மறுவாழ்வுக்குத் தொழிற்பயிற்சியையும் பயன்படுத்தியது. இந்தியாவில் சட்டம் மெதுவாகவே வந்தது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் மனநோயையும் ஊனமாக ஏற்றது. அரசுப் பணியில் அது தந்த 3 விழுக்காடு இடஒதுக்கீட்டில் மனநோயாளிகளுக்குப் பங்கில்லை. 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கீட்டை 4 விழுக்காடாக உயர்த்தியது. அதில் ஒரு விழுக்காட்டை மனநோயாளிகள், ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, பல்வகை ஊனம் உடையோருடன் பகிர்ந்துகொள்ள வேண்டும்.