இயல் விருது

தமிழுக்கு வாழ்நாள் முழுதும் உழைத்தவர்களுக்குக் கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் அளிக்கும் விருது இயல் விருது. 2001ஆம் ஆண்டிலிருந்து வழங்கப்படுகிறது. விருது விழா ரொறன்ரோ நகரில் நடைபெறும்.

பின்னணி

பழந்தமிழ் மரபில் புகழைப் பாடியவர் புலவர், பெற்றவர் மன்னர். புறநானூற்றின் பாடாண் திணை இதற்குச் சான்று. ஈகை அதிகாரத்தை அடுத்துப் புகழ் அதிகாரத்தை வைத்து இல்லறவியலை முடிக்கிறார் வள்ளுவர். புகழ் பெரிதும் கொடையால் வருவது என்பது பரிமேலழகர் உரை. நவீன காலத்தில் புரவலர் மறைந்தனர். 1921இல் மறைந்த பாரதிக்கும் 1948இல் மறைந்த புதுமைப்பித்தனுக்கும் பெரும்புகழ் வறுமையில் கழிந்த வாழ்வுக்குப் பின்னரே வந்தது.

தோற்றம்

1983 இனக்கலவரத்துக்குப் பின் இலங்கைத் தமிழர் பெருந்தொகையாகக் குடியேறிய நகரம் ரொறன்ரோ. அங்கே எழுத்தாளர் அ. முத்துலிங்கம், ரொறன்ரோ பல்கலைக்கழக ஆங்கிலப் பேராசிரியர் செல்வா கனகநாயகம் முதலியோர் தமிழ் இலக்கியத் தோட்டத்தை உருவாக்கினர். முதல் இயல் விருது சுந்தர ராமசாமிக்கு வழங்கப்பட்டது. பின்னர் அவர் பெயராலேயே தமிழ்க் கணிமைக்கு ஒரு விருது அமைந்தது.

விருதாளர்கள்

அம்பை (2008), எஸ். பொன்னுத்துரை (2010), நாஞ்சில் நாடன் (2012), ஜெயமோகன் (2014) போன்ற படைப்பாளிகளோடு, பிறர் எழுத்துக்காக உழைத்தவர்களும் இவ்விருதைப் பெற்றனர். புறநானூற்றை ஆங்கிலத்தில் தந்த இருவருள் ஒருவரும், தமிழ் செம்மொழியே என 2000இல் வாதிட்டு எழுதியவருமான ஜோர்ஜ் ஹார்ட் (2005), பாமாவின் 'கருக்கு' தன்வரலாற்று நூலை மொழிபெயர்த்த லட்சுமி ஹோம்ஸ்ட்ரோம் (2007), தமிழ் பிராமிக் கல்வெட்டுகளை ஆராய்ந்த ஐராவதம் மகாதேவன் (2009), 1966இல் யாழ்ப்பாணத்தில் 'மல்லிகை' இதழைத் தொடங்கிய டொமினிக் ஜீவா (2013), தமிழ் விக்கிப்பீடியாவைத் தொடங்கிய மயூரநாதன் (2015) ஆகியோர் இவ்வகையினர்.

சிறப்பு

அரசு சாராத இவ்விருது தமிழ்நாடு, இலங்கை, புலம்பெயர் நாடுகள் என்ற எல்லைகளைப் பார்ப்பதில்லை. மொழிபெயர்ப்பாளர், இதழாசிரியர், கல்வெட்டறிஞர் ஆகியோரின் உழைப்பு வாசகர் கண்ணில் எளிதில் படுவதில்லை. அவர்களையும் படைப்பாளிகளுக்கு நிகராக, வாழும் காலத்திலேயே போற்றியதே இயல் விருதின் தனிப்பெருமை.