சேவையகப் பாதுகாப்பு: அறிக்கையிடம் கேட்கவேண்டிய மூன்று கேள்விகள்

2017 மார்ச் 14 அன்று மைக்ரோசொப்ட் நிறுவனம் விண்டோஸுக்கான பாதுகாப்புத் திருத்தமொன்றை வெளியிட்டது. அதை நிறுவாதிருந்த பல கணினிகளை மே 12 அன்று ‘வன்னாக்ரை’ முடக்கியது. பிரித்தானிய வைத்தியசாலைகள் சத்திரசிகிச்சைகளைக்கூட ஒத்திவைத்தன.

எந்தச் சேவையகத்தில் எந்தத் திருத்தம் நிறுவப்படவில்லை என்று காட்டுவது இணக்க அறிக்கை. சேவையகங்களைப் பராமரிக்கும் நான் அதனிடம் மூன்று கேள்விகள் கேட்பேன்.

எல்லாச் சேவையகங்களும் இதில் உள்ளனவா? 20இல் 18 மட்டும் வந்திருந்தால், விடுபட்ட இரண்டையே முதலில் தேடுவேன்.

நிறுவியபின் மறுதொடக்கம் செய்யப்பட்டதா? இல்லையேல் பல திருத்தங்கள் செயற்படா.

எப்போது எடுத்த அறிக்கை? பழைய அறிக்கை புதிய ஓட்டையைக் காட்டாது.

காணாமல் ஆக்கப்பட்டோரின் படங்களையும் உறவுகளின் வாக்குமூலங்களையும் சேவையகங்களில் சேமிக்கும் அமைப்புகளிடம் இவற்றைக் கேளுங்கள். ‘100 வீதம் பாதுகாப்பு’ என்ற பதிலோடு திரும்பிவிடாதீர்கள்.