ஒரு கருவியும் பல கைகளும்

புதிய கருவி எதுவாயினும் தோன்றிய காலத்தில் அரிதாகவே இருக்கும். அதனை நாடும் கைகளோ பல. ஆகவே உடைமைக்கு முன்னர்ப் பகிர்வு பிறக்கின்றது. பகிர்வு பிறந்தவுடன் ‘யாருக்கு முதலில்?’ என்னும் வினாவும் உடன் பிறக்கின்றது. இவ்வினாவுக்கு முறையொன்றை வகுத்துக்கொண்டவிடத்துக் கருவியின் பயன் எல்லோரையும் சென்றடைகின்றது. வகுக்காதவிடத்து வலியோன் விருப்பமே முறையாகி விடுகின்றது. கணினியும் இணையமும் இலங்கையின் குடிமனைகளுட் புகுந்த வரலாறு இதற்கு ஏற்ற சான்றாகும்.

அவ்வரலாற்றின் முக்கிய கட்டங்களை ஒரே நெடுஞ்சாலையின் வழியே தொடர்ந்து காணலாம். பேராதனையில் தொடங்கும் ஏ5 வீதி கம்பளை, நுவரெலியா, பதுளை, லுணுகலை, பிபிலை, மகா ஓயா ஆகிய ஊர்களைக் கடந்து, கரடியனாற்றின் ஊடாகச் செங்கலடியை அடைகின்றது. கரடியனாறு, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை எனப்படும் நெல்விளை நிலப்பகுதியில் அமைந்த ஊர். பகிர்வின் முறைமையை இப்பகுதியினருக்கு எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. குளத்து நீரைப் போகந்தோறும் கூடிப் பேசி, வட்டைகளுக்கு முறை வகுத்து, வட்டவிதானையின் மேற்பார்வையிற் பாய்ச்சும் வழக்கம் மட்டக்களப்பு உழவரிடையே ஊறியது. மதகருகே உள்ள வயலுக்கும் வாய்க்காலின் கடைசியில் உள்ள வயலுக்கும் நீர் சேரவேண்டும் என்பதே அவ்வழக்கத்தின் உட்கருத்து.

கணினியின் வரலாறும் பகிர்விலேயே தொடங்கியது. ஆதிக் கணினிகள் மிகு விலையும் பேருருவும் உடையனவாக இருந்தமையால், ஒருவர் வேலை முடியும்வரை மற்றவர் காத்திருக்க நேர்ந்தது. 1961ஆம் ஆண்டில் அமெரிக்காவின் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் பெர்னாண்டோ கோர்பாட்டோவும் அவர்தம் குழுவினரும் நேரப்பகிர்வு முறையைச் செயலிற் காட்டினர். கணினியின் நேரத்தைச் சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, அமர்ந்திருந்த ஒவ்வொருவருக்கும் மாறி மாறி அது வழங்கியது. கூறுகள் மிகச் சிறியனவாகையால், பொறி முழுவதும் தனக்கே உரியது என ஒவ்வொருவரும் உணர்ந்தனர். பொறிக்குள்ளேயே ஒரு வட்டவிதானை அமர்த்தப்பட்டான் எனின் மிகையாகாது.

இலங்கையில் 1990ஆம் ஆண்டளவிற் பல்கலைக்கழகங்களுக்கிடையே மின்னஞ்சற் றொடர்பு ஏற்பட்டது. 1995இல் வணிக முறையிலான இணையச் சேவை தொடங்கிற்று. அக்காலத்து இணையம் தொலைபேசிக் கம்பியின் வழியே வந்தது. ஒருவர் இணையத்தில் இருக்கும்வரை வீட்டிலுள்ள மற்றவர் தொலைபேசியிற் பேச இயலாது. வீட்டுக்குள் இணையத்தின் பொருட்டு எழுந்த முதற் பிணக்கு இதுவே. எனினும் அப்பிணக்குத்தானும் கம்பியும் கணினியும் வாய்த்த நகரத்துச் சில மனைகளுக்கே உரியதாயிருந்தது.

ஏனையோரின் நிலை யாது? இவ்வினாவுக்கு விடைகாண முயன்ற முயற்சியொன்று உலகின் கவனத்தை ஈர்த்தது. கொத்மலைச் சமுதாய வானொலி 1989இல் நிறுவப்பெற்றது. யுனெஸ்கோவின் ஆதரவுடன் 1990களின் இறுதியில் அந்நிலையத்திற்கு இணையம் வழங்கப்பட்டது. நேயர்கள் தம் ஐயங்களைக் கடிதத்திலும் தொலைபேசியிலும் அனுப்பினர். ஒலிபரப்பாளர் இணையத்தில் விடைதேடி, எளிய மொழியில் வானொலி வழியே விளக்கினர். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களிலும் பொதுமக்களுக்கெனக் கணினிகள் வைக்கப்பட்டன. விசைப்பலகையை ஒருமுறையேனும் தொட்டறியாத உழவனும் இல்லத்தரசியும் இவ்வாறு இணையத்தின் பயனைப் பெற்றனர். ஒருவர் கேட்ட வினாவின் விடை ஊரார் அனைவர்க்கும் உரியதாயிற்று. பகிர்ந்ததனாற் குறையாது பெருகிய செல்வம் இது.

பின்னர் 2003ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ்த் தகவல், தொடர்பாடல் தொழினுட்ப முகவர் நிலையம் அமைக்கப்பட்டது. அறிவுச்சாலை எனப் பொருள்படும் ‘நெனசல’ நிலையங்கள் அதன் வழியே நாட்டின் பல பாகங்களிலும் தோன்றின. ஆயின் அவ்வேளையிற் படுவான்கரை போரின் பிடியில் இருந்தது. 2007ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை அந்நிலை நீடித்தது. போர் ஓய்ந்த பின்னரும் கரடியனாற்றுக்கு இன்னல் ஓயவில்லை. வீதிப் புனரமைப்புக்கெனக் களஞ்சியப்படுத்தியிருந்த வெடிபொருள்கள் 2010 செப்ரெம்பர் 17ஆம் நாள் அவ்வூர்ப் பொலிஸ் நிலையத்தில் வெடித்துப் பலர் மாண்டனர். வீதியைச் செப்பனிடுவதற்கே உயிர்விலை கொடுத்த ஊர் அது.

இதற்கிடையிற் கைத்தொலைபேசி வேறொரு வழியால் முந்திக்கொண்டது. 2006இல் மூன்றாந் தலைமுறை அலைபேசிச் சேவை இலங்கையில் தொடங்கிற்று. கம்பி செல்லாத ஊருக்கும் கம்பியின்றி இணையம் செல்லும் வழி இதனால் திறந்தது. மேசைக் கணினியை அறியுமுன்னரே கைத்தொலைபேசியில் இணையத்தை அறிந்த குடும்பங்கள் கிராமங்களிற் பல. இம்மாற்றம் நன்மையோடு சிக்கலொன்றையும் கொணர்ந்தது. கணினி மேசையில் இருப்பது. வீட்டார் அனைவர்க்கும் பொது. தொலைபேசியோ ஒருவரின் சட்டைப்பையில் இருப்பது. அவர் வெளியே சென்றால் அதுவும் உடன்செல்லும்.

இச்சிக்கலின் முழுவடிவை 2020ஆம் ஆண்டு வெளிப்படுத்தியது. கொள்ளைநோயின் காரணமாக மார்ச் மாத நடுப்பகுதியிற் பாடசாலைகள் மூடப்பட்டன. இடையிடையே திறக்கப்பட்டும் மீண்டும் மூடப்பட்டும், 2021 ஒக்ரோபர் வரை கல்வி பெரும்பாலும் இணையத்தை நம்பியே நடந்தது. ஆனால் தொகைமதிப்பு, புள்ளிவிபரத் திணைக்களத்தின் ஆய்வுப்படி 2019இற் கணினி இருந்தவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு வீடுகளே. எஞ்சிய வீடுகளிற் கைத்தொலைபேசியே பள்ளிக்கூடமாயிற்று. கரடியனாற்றுக்குச் செல்லும் அதே ஏ5 வீதியில், மலைநாட்டு லுணுகலையில், அலைவரிசை தேடி மலையுச்சிக் காட்டில் அமைந்த மரக்குடிலில் ஏறிய மாணவரின் செய்தி 2021இல் உலகெங்கும் பரவிற்று.

காட்டில் ஏறிய பிள்ளைகளை உலகம் கண்டது. வீட்டுக்குள் முறைக்குக் காத்திருந்த பிள்ளைகளைக் காணவில்லை. ஒரே தொலைபேசி, அதுவும் தந்தை தொழிலாற் திரும்பிய பின்னரே கைக்கு வருவது. மூன்று பிள்ளைகளுக்கும் ஒரே வேளையிற் பாடம். அவ்வாண்டு பரீட்சை எழுதும் பிள்ளைக்கு முதலிடம் என்பது நியாயமே. ஆயின் அடுத்த இடத்தை வயது தீர்மானித்தது. சிலவிடத்து ஆண் பெண் என்னும் பேதம் தீர்மானித்தது. அடுக்களைக்குத் துணை நின்ற பெண்பிள்ளையின் முறை இரவில் வந்தது. கடைக்குட்டியின் முறையோ வராமலே போயிற்று. புள்ளிவிபரத்தில் அவ்வீடு ‘இணைய வசதி உள்ள வீடு’. வாய்க்காலின் தலைப்பிற் பாயும் நீரை அளந்து, கடைவயலும் நனைந்தது எனக் கொள்வதற்கு இது ஒப்பாகும்.

ஊடகத்தின் இயல்பும் இங்கு கருதற்பாலது. தொலைக்காட்சியில் ஒளிபரப்பான பாடத்தை வீட்டார் அனைவரும் ஒருங்கே காணலாம். வாட்ஸ்அப்பில் வந்த குறிப்பை ஒருவர்பின் ஒருவராகப் படிக்கலாம். நேரலை வகுப்போ அக்கணத்திலேயே கருவியை ஒருவருக்கு மட்டும் உரியதாக்குகின்றது. எனவே வசதி குறைந்த வீட்டிற்கு மிகவும் பொருந்தாத முறை எதுவோ, அதுவே மேலானது எனப் போற்றப்பட்டது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்சாரம் தடைப்பட்டபோது, மின்னேற்றிய தொலைபேசியின் எஞ்சிய ஆற்றலையும் பங்கிட வேண்டியதாயிற்று.

ஒரே கருவியைப் பகிர்வது குடும்பத்தாரிடையே அன்பை வளர்க்கும், பிள்ளைகளைப் பெற்றோர் கண்காணிக்கவும் உதவும் என வாதிப்போர் உளர். அக்கூற்றில் உண்மை உண்டு. பொதுக்கூடத்தில் உள்ள கணினி பூட்டிய அறையில் உள்ளதினும் பாதுகாப்பானது. ஆயினும் முறையற்ற பகிர்வில் விட்டுக்கொடுப்பவர் எப்பொழுதும் ஒருவராகவே இருப்பர். இளையவரும் பெண்மக்களுமே பெரும்பாலும் அவ்வொருவர். அன்பின் பெயரால் ஒருவரே இழப்பது பகிர்வு ஆகாது.

இவ்வரலாறு உணர்த்துவன தெளிவானவை. வசதியை அளக்கையில் வீடுகளை மட்டுமன்றி, வீட்டிலுள்ள பிள்ளைகளையும் எண்ணுதல் வேண்டும். வெவ்வேறு வகுப்பினருக்கு வெவ்வேறு வேளைகளைப் பாடசாலைகள் வகுத்தல் வேண்டும். கொத்மலை காட்டியவாறு நூலகங்களும் சமுதாய நிலையங்களும் பொதுக்கருவிகளை மாலைவேளையிலும் திறந்து வைத்தல் வேண்டும். வீட்டினுள்ளேயோ, விதைப்புக்கு முன்னர் நீர்முறை வகுக்கும் உழவரைப்போல், பாடம் தொடங்குமுன்னர்ப் பிள்ளைகளின் முறை வகுக்கப்பெறல் வேண்டும். கடைவயலுக்கு நீர் சேர்ந்ததா என்று பார்த்த பின்னரே வட்டவிதானை வீடு திரும்புவான். கடைக்குட்டியின் பாடத்திற்கும் அத்தகைய காவல் ஒன்று வேண்டும்.