பழங்குற்றவாளிப் பதிவேடு: கல்கத்தாவிலிருந்து சிகாகோ வரை

காவல் நிலையத்தில் பிறந்து ஊர்வழக்கில் நிலைபெற்றுவிட்ட சொற்களுள் ‘கேடி’ என்பது ஒன்று. வசையாகவும் சில வேளைகளில் செல்லமாகவும் நாம் ஆளும் இச்சொல், ‘அறியப்பட்ட கொள்ளையன்’ எனப் பொருள்படும் ‘நோன் டெப்ரடேட்டர்’ என்ற ஆங்கிலத் தொடரின் தலையெழுத்துகளான கே., டி. ஆகிய இரண்டும் ஒட்டி உண்டானது. பதிவேட்டின் ஓரத்தில் எழுத்தர் இட்ட குறி, காலப்போக்கில் மனிதனுக்கே பெயராயிற்று. குறி பெயரான இந்த வரலாறு நம் நாட்டோடு முடிவதன்று. அமெரிக்க, ஐரோப்பிய நகர நிர்வாகங்கள் கணினியின் துணைகொண்டு குற்றம் மீள்வோரைப் பொறுக்கியெடுக்கும் இக்காலத்தில், அதனைத் தொடக்கத்திலிருந்து நோக்குவது பயனுடையது எனக் கருதுகிறோம்.

இத்தகைய பட்டியல்களுக்குப் பின்னுள்ள கருத்து எளியது: குற்றங்களுள் பெரும்பகுதியைச் சிலரே செய்கின்றனர். 1945இல் பிறந்து ஃபிலடெல்ஃபியா நகரில் வளர்ந்த 9,945 ஆண்பிள்ளைகளின் பதிவுகளை ஆராய்ந்து மார்வின் வுல்ஃப்காங்கும் அவர்தம் துணைவர்களும் 1972இல் வெளியிட்ட நூல் இதற்கு எண்கணக்குத் தந்தது. அவர்களுள் 627 பேர், அதாவது நூற்றுக்கு ஆறு பேர், பதிவான குற்றங்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்கு உரியவராக இருந்தனர். அவ்வாறாயின் அந்த ஆறு பேரைக் கண்டறிந்து கவனித்தால் போதுமே என்று நிர்வாகிகள் எண்ணியதில் வியப்பில்லை. ஆயினும் அந்த 627 பேர் யார் என்பது, எல்லாம் நடந்து முடிந்த பின்னரே ஆய்வாளர்களுக்குத் தெரிந்தது. பத்து வயதில் அவர்கள் ஏனையோரிடையே கலந்து நின்ற சிறுவர்கள்தாம். ‘இவன் முன்பு செய்தவன்தானா?’ என்பது ஒரு கேள்வி. ‘இவன் இனிச் செய்வானா?’ என்பது முற்றிலும் வேறான கேள்வி. முதற்கேள்விக்கென உருவான கருவி இரண்டாவதற்கு எவ்வாறு விடையாக்கப்பட்டது என்பதே நாம் இங்கே காணவிருப்பது.

நமது ஃபிக்ஹு மரபு இச்சிக்கலை அறியாததன்று. பக்தாதில் காழியாக விளங்கிய இமாம் அல்-மாவர்தீ (மறைவு ஹி. 450 / கி.பி. 1058) தமது ‘அல்-அஹ்காமுஸ் ஸுல்தானிய்யா’வில், குற்றங்களைப் பற்றிய இயலில், காழியின் அதிகாரத்தையும் அமீரின் அதிகாரத்தையும் வேறுபடுத்திக் காட்டுகிறார். காழி தம்முன் நிறுவப்பட்டதைக் கொண்டே தீர்ப்பளிக்கக் கடமைப்பட்டவர். அமீரோ, குற்றஞ்சாட்டப்பட்டவன் ஊரில் எத்தகைய பெயரெடுத்தவன் என்பதை விசாரித்துக் கணக்கில் கொள்ளலாம். தண்டனைகளுக்கு அஞ்சாது மீண்டும் மீண்டும் குற்றம் புரிந்து மக்களுக்குத் தீங்காயிருப்பவனை, அவன் இறக்கும்வரையிலும்கூடச் சிறையில் வைக்க அமீருக்கு இடமுண்டு, காழிக்கு இல்லை. ஆனால் அவனுடைய உணவையும் உடையையும் பைத்துல்மாலிலிருந்து கொடுத்தாக வேண்டும் என்பதையும் மாவர்தீ அதனுடன் சேர்த்தே உரைக்கிறார். மறைந்திருப்பதைத் துருவித் தேடுவது முஹ்தஸிபின் வேலையன்று என்பதும் அவர் வகுத்த எல்லை. உயிர்ப்பலி போன்று மீட்கவியலாத தீங்கு நேரவிருக்கும் நிலைக்கு மட்டும் அவர் விலக்களிக்கிறார். சந்தேகத்தையும் துருவி ஆராய்தலையும் விலக்கும் திருக்குர்ஆனின் அல்-ஹுஜுராத் அத்தியாயத்து 12ஆம் வசனம் இங்கே அறிஞர்களின் நினைவில் நின்றிருக்கும்.

மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் திமிஷ்கில் எழுதிய இப்னுல் கய்யிம் அல்-ஜவ்ஸிய்யா (மறைவு ஹி. 751 / கி.பி. 1350), குற்றஞ்சாட்டப்பட்டோரை நல்லவரென அறியப்பட்டவர், தீயவரென அறியப்பட்டவர், நிலை அறியப்படாதவர் என மூவகைப்படுத்தினார். இம்முறையில் இடர் இல்லை என்று நாம் வாதிடவில்லை. ஊரார் வாயில் விழுந்தவன் எழுவது எக்காலத்திலும் கடினம். எனினும் அங்கே ‘அறிந்தவர்’ என்போர் அண்டை வீட்டாரும் கடைத்தெருவினரும் ஆவர். அவர்களை அழைத்து ஏன் அவ்வாறு சொன்னீர் என்று கேட்க முடிந்தது.

பெருநகரங்கள் தோன்றியபோது அந்த அண்டை வீட்டார் மறைந்தனர். பாரிஸில் ஒருவன் ஐந்தாம் முறை பிடிபட்டாலும் ஐந்து பெயர்களைச் சொல்லித் தப்பலாம். காவல்துறை எழுத்தரான அல்போன்ஸ் பெர்த்தியோன், தலை, கை, கால் முதலிய உறுப்புகளை அளந்து அட்டைகளில் குறிக்கும் முறையை 1880களின் தொடக்கத்தில் வகுத்தார். 1885 மே மாதத்தில் குற்றம் மீள்வோரைக் கயானா, நியூ கலிடோனியா ஆகிய குடியேற்றங்களுக்கு அனுப்பும் சட்டத்தைப் பிரான்ஸ் இயற்றியது. அளவெடுக்கும் கருவி கைக்கு வந்த வேகத்திலேயே நாடுகடத்தும் சட்டமும் வந்தது என்பதைக் குறித்துக்கொள்வோம்.

வங்காளத்தில் நடந்தது இதனினும் கவனத்திற்குரியது. நம் வாசகர்களுள் பலருக்குப் புதியதாகவும் இருக்கக்கூடும். 1858இல் ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற அதிகாரி ஓர் ஒப்பந்தக்காரரின் உள்ளங்கைப் பதிவை ஒப்பந்தத்தாளில் வாங்கினார். பின்னர் ஹூக்ளியில், ஓய்வூதியம் பெறுவோரை அடையாளங்காண விரல்ரேகையைப் பயன்படுத்தினார். இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன் 1892இல் நூலெழுதி, ரேகைகள் வாழ்நாள் முழுதும் மாறுவதில்லை என்று நிறுவினார். ஆயினும் பெரியதொரு தடை எஞ்சியது. பல்லாயிரம் ரேகைத் தாள்களிடையே ஒரு தாளைத் தேடியெடுப்பது எங்ஙனம்? பெயரைக் கொண்டு தேட இயலாது. பொய்ப்பெயரைக் கடப்பதற்குத்தானே இவ்வளவு பாடும்.

இத்தடையை நீக்கியவர் குல்னாப் பகுதியைச் சேர்ந்த காழி அஸீஸுல் ஹக். கல்கத்தா மாநிலக் கல்லூரியில் கணிதம் பயின்ற இவ்விளைஞரை வங்காளக் காவல்துறைத் தலைவர் எட்வர்ட் ஹென்றி துணை ஆய்வாளராகச் சேர்த்துக்கொண்டார். முதலில் பெர்த்தியோன் அளவைகளில் உழைத்த ஹக், பிறகு ரேகைகளின்பால் திரும்பினார். அவர் கண்ட வழியின் அழகு அதன் எளிமையில் உள்ளது. பத்து விரல்களையும் ஐந்து இணைகளாக்கி, ஒவ்வொன்றிலும் சுழி உண்டா இல்லையா என்று மட்டும் பார்ப்பது. முதல் இணையில் சுழியிருந்தால் 16, அடுத்ததில் 8, பின்னர் 4, 2, 1 என மதிப்பிடுவது. இணைதோறும் ஒரு விரலின் மதிப்பு மேலெண்ணிலும் மற்றதன் மதிப்பு கீழெண்ணிலும் சேரும். ஒவ்வொரு கூட்டுத்தொகையுடனும் ஒன்றைக் கூட்டினால், 1 முதல் 32 வரையிலான இரு எண்கள் கிடைக்கும். முப்பத்திரண்டுக்கு முப்பத்திரண்டாக 1,024 சிற்றறைகள் கொண்ட பேழையில் அந்தத் தாளுக்குரிய அறை அதுவே. சக ஊழியரான ஹேம் சந்திர போஸும் இப்பணியில் பெரும்பங்கு கொண்டார். 1897இல் கல்கத்தாவில் விரல்ரேகைப் பிரிவு தொடங்கிற்று; 1901இல் ஹென்றி லண்டன் சென்று ஸ்காட்லாந்து யார்டில் இதனை நிறுவினார். உலகம் அதனை ‘ஹென்றி முறை’ என்றே அழைத்தது. தம் ஊழியர்கள் அனைவரிலும் ஹக்கே மிகுதியாகப் பங்களித்தார் என்பதை ஹென்றி 1926இல் கடிதமொன்றில் ஒப்புக்கொண்டார். கான் பஹதூர் பட்டம் பெற்ற ஹக், ஓய்வுக்குப் பின் பீகாரின் மோதிஹாரியில் வாழ்ந்து 1935இல் மறைந்தார்.

அந்தப் பேழையின் முதல் பெருவழக்கு ஜல்பாய்குரியிலிருந்து வந்தது. 1897இல் தேயிலைத் தோட்ட மேலாளர் ஒருவர் கொல்லப்பட்டுக் கிடந்தார். பெட்டியிலிருந்த பஞ்சாங்கத்தில் குருதிக்கறை படிந்த கட்டைவிரல் பதிவு இருந்தது. முன்பு திருட்டுக்காகத் தண்டனை பெற்ற அவருடைய பழைய பணியாளனின் ரேகையோடு அது ஒத்தது. 1898இல் நீதிமன்றம் அவனைத் திருட்டுக்காகத் தண்டித்தது, கொலைக்குற்றத்திலிருந்து விடுவித்தது. அவன் அங்கே இருந்தான் என்பதை ரேகை சொல்லும்; கொன்றவன் அவன்தான் என்பதைச் சொல்லாது. அறிவியலின் புதுமையில் மயங்காத அந்தத் தீர்ப்பை நாம் மதிக்கிறோம்.

ஆனால் நிர்வாகம் அவ்வளவு பொறுமை காட்டவில்லை. 1871இல் வடஇந்தியாவில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் திருத்தி எழுதப்பட்டுச் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. மாவட்ட ஆட்சியரே பதிவேட்டைத் தயாரிப்பார். பதிவானவர் அனைவரிடமும் விரல்ரேகை வாங்கலாம். ஒருவர் குற்றம் புரிந்தவர் என்று நிறுவ வேண்டியதில்லை, அறிவிக்கப்பட்ட சாதியில் பிறந்திருந்தால் போதும். ஆடவர் இரவில் காவல் நிலையத்தில் வந்து படுக்க வேண்டியிருந்தது. வெளியூர் செல்ல ராத்திரிச் சீட்டுப் பெற வேண்டியிருந்தது. மக்கள் இதற்கு ‘ரேகைச் சட்டம்’ என்று சரியாகவே பெயரிட்டனர். ரேகை கொடுக்க மறுத்த பிரமலைக் கள்ளர் மீது 1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்கு அருகிலுள்ள பெருங்காமநல்லூரில் துப்பாக்கிச் சூடு நிகழ்ந்தது. மடிந்த பத்துக்கும் மேற்பட்டோருள் ஒரு பெண்ணும் இருந்தார். இதே அரசுதான் அம்மக்களுக்குப் பள்ளிகளையும் கூட்டுறவுச் சங்கங்களையும் அமைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளின் தொடக்கம் அதுவே. சென்னை மாகாணம் 1947இல் இச்சட்டத்தை நீக்கியது. மறு ஆண்டே வழக்கமான குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் தனிச்சட்டத்தை இயற்றியது. சாதி போய்த் தனிமனிதன் வந்தான். பதிவேடு இருந்த இடத்திலேயே இருந்தது.

இனிச் சிகாகோவுக்கு வருவோம். துப்பாக்கிச் சாவுகள் மலிந்த அந்நகரில், சுடக்கூடியவரும் சுடப்படக்கூடியவரும் யார் என்று முன்கூட்டிக் கணிக்கும் பட்டியலைக் காவல்துறை 2012இல் உருவாக்கத் தொடங்கிற்று. 2013இல் நடந்த முதற்சோதனையில் 426 பேர் இடம்பெற்றனர். காவல் அதிகாரி, சமூகப் பணியாளர் முதலியோர் வீட்டுக்கே சென்று எச்சரிக்கையையும் உதவியையும் ஒருங்கே அளிப்பர் என்பது திட்டம். நோக்கத்தைக் குறைகூற நாம் முற்படவில்லை; அந்தத் தாய்மார்களின் துயரம் கற்பனையன்று. ஆனால் 2016இல் வெளியான ராண்ட் நிறுவன ஆய்வு, பட்டியலில் இருந்தோர் சுடப்படும் வாய்ப்புக் குறையவில்லை என்றும், துப்பாக்கிச் சூட்டு வழக்குகளில் அவர்கள் கைதாகும் வாய்ப்பே கூடியது என்றும் கண்டது. பட்டியலைக் கொண்டு என்ன செய்வது என்ற தெளிவான கட்டளை அதிகாரிகளுக்கு இல்லை. ஆகவே, குற்றம் நடந்தபின் ஆள் தேடும் ஏடாக அது பயன்பட்டது. பிற்காலப் பதிப்பில் ஏறத்தாழ நான்கு லட்சம் பேருக்கு 0 முதல் 500 வரை மதிப்பெண் வழங்கப்பட்டிருந்தது. கைது என்பது தண்டனையில் முடிந்ததா, விடுதலையில் முடிந்ததா என்று பாராமல் அது கணக்கில் ஏறியது. 2019 நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. 2020 ஜனவரியில் நகரத் தலைமை ஆய்வர் அலுவலகம் இக்குறைகளை அறிக்கையாக வெளியிட்டது. ஜல்பாய்குரி நீதிமன்றம் பிரித்து வைத்த இரு கேள்விகளும் இங்கே ஒரே எண்ணுக்குள் அடைபட்டுவிட்டன.

ஆம்ஸ்டர்டாம் மாநகராட்சி வேறு வழியில் சென்றது. 2011இல் மேயர் எபெர்ஹார்ட் வான் டெர் லான் தொடங்கிய ‘டாப் 600’ திட்டம் வழிப்பறி, கன்னம், வன்முறை ஆகியவற்றில் மீண்டும் மீண்டும் ஈடுபட்ட அறுநூறு பேரைத் தெரிந்தெடுத்து, ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பாளரை நியமித்தது. விரைந்த தண்டனையோடு வீடு, மருத்துவம், கடன் தீர்த்தல் ஆகியவற்றிலும் உதவுவது அதன் முறை. இங்கே தெரிந்தெடுத்தல், பெரும்பாலும் நடந்துமுடிந்த செயல்களை அடிப்படையாகக் கொண்டது. இதில் மாவர்தீயின் அமீரை ஓரளவு காண்கிறோம். ஆனால் அது அங்கே நிற்கவில்லை. தம்பி தங்கையர் மீதும் கவனம் விழுந்தது. 2015இல் இளையோருக்கென ‘டாப் 400’ வந்தது. கணிப்புக் கருவியொன்றின் துணைகொண்டும் சிறுவர்கள் சேர்க்கப்பட்டனர். மொரோக்கோ வழிவந்த முஸ்லிம் குடும்பங்கள் பல இதனால் நேரடியாகத் தொடப்பட்டன. நிரித் பெலெத் இயக்கி 2022இல் வெளியான ஆவணப்படம், மகனின் பெயர் பட்டியலில் ஏறியபின் வீட்டுக்குள் நிகழ்ந்ததைத் தாய்மார்களின் சொற்களில் பதிந்துள்ளது. குற்றம் குறைந்ததென மாநகராட்சி கூறிவந்தது. குற்றவாழ்வின் உச்சத்தில் இருப்பவரையே தெரிந்தெடுத்தால், ஒன்றும் செய்யாதிருந்தாலும் அவர்களுட் பலரிடம் ஓரளவு தணிவு தோன்றத்தான் செய்யும் என்பதை அக்கணக்கைப் படிப்போர் மறத்தலாகாது.

நம் நாட்டிலும் பதிவேடு நீதிமன்றம் ஏறியுள்ளது. வரலாற்றுத் தாள் உடையவரின் வீட்டிற்கு இரவில் சென்று கதவைத் தட்டும் வழக்கத்தை 1962இல் கரக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாதென்றது. 2024 மே மாதத்தில் தில்லிச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் தொடுத்த வழக்கில், தாளுக்குரியவரின் வயது வராத உறவினர்களின் விவரங்களை எழுதலாகாது என்னும் தில்லிக் காவல்துறையின் திருத்திய ஆணையை அது ஏற்றது. பிற்பட்ட சமூகங்களைச் சேர்ந்த குற்றமற்றோரின் பெயர்கள் இயந்திரகதியில் ஏறுவதைச் சுட்டியது. தாள்களை மூத்த அதிகாரி ஒருவர் காலந்தோறும் தணிக்கை செய்ய வேண்டுமென்றது. எல்லா மாநிலங்களும் இதனை ஆராயுமாறு பணித்தது. அவ்வாண்டு அக்டோபரில், சிறைகளில் சாதிப் பாகுபாடு பற்றிய வழக்கில், ‘வழக்கமான குற்றவாளி’ என்ற சொல்லே முன்னாள் குற்றப் பரம்பரையினரைக் குறிக்கும் மறைபெயராக வழங்கிவருவதை அந்நீதிமன்றம் எடுத்துக்காட்டி, அச்சட்டங்கள் இன்னும் தேவைதானா என்று மாநிலங்களைக் கேட்டது.