நாலு மாவட்டம், ஒரே வளவு

எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் நாலு காகிதங்கள் இருக்கின்றன. முதலாவது, 1953-ல் எழுதிய ஒரு முன்பணச் சீட்டு. ஒரு தோட்டத்தில் பண்ணையத்துக்கு இருக்க ஒப்புக்கொண்டு அப்பாரு வைத்த கைநாட்டு அதில் இருக்கிறது. முகவரி: கோயமுத்தூர் ஜில்லா, தாராபுரம் தாலுகா. பெயருக்குப் பின்னால் ‘மாதாரி’. இரண்டாவது, அப்பாவின் பள்ளி மாற்றுச் சான்றிதழ், 1982. பெரியார் மாவட்டம், சாதி ‘சக்கிலியன்’. மூன்றாவது, என் சாதிச் சான்றிதழ், 2005. ஈரோடு மாவட்டம், காங்கயம் வட்டம், ‘அருந்ததியர்’. நான்காவது, தங்கச்சி மகளின் பிறப்புச் சான்றிதழ், 2014. திருப்பூர் மாவட்டம். நாலு பேரும் பிறந்தது வெள்ளகோவிலுக்குப் பக்கத்தில் ஒரே வளவில்.

அந்த மூன்றாவது காகிதத்துக்காக நான் அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல. உன் அப்பா காகிதத்தில் ஒரு சாதி, நீ கேட்பது வேறு சாதி; அவருக்கு ஒரு மாவட்டம், உனக்கு ஒரு மாவட்டம் என்று சொல்லி ஓர் அலுவலகத்தில் என் மனுவை நாலு மாதம் கிடப்பில் போட்டார்கள். அந்த ஆண்டு உதவித்தொகை போயிற்று. நாங்கள் வீடும் மாறவில்லை, சாதியும் மாறவில்லை. மாறியதெல்லாம் அரசாங்கத்தின் பெயர்ப்பலகைதான்.

படிப்பு வட்டத்தில் ஒரு கல்லூரித் தோழர் கேட்டார்: ‘மாவட்டத்தைப் பிரித்துப் பிரித்துப் போடுகிறார்களே, அதனால் நமக்கு என்ன ஆயிற்று?’ அன்றைக்கு அரைகுறையாகப் பதில் சொன்னேன். முழுப் பதில் இது.

திப்பு சுல்தான் 1799 மே மாதம் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வீழ்ந்ததும் கொங்குப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. முதலில் இரண்டு பிரிவாக வைத்து ஆண்டார்கள். வடக்குக்குப் பவானி, தெற்குக்குத் தாராபுரம். 1804-ல் இரண்டையும் சேர்த்துக் கோயமுத்தூரைத் தலைமையிடமாக்கினார்கள். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்த ஜில்லாவில் பத்துத் தாலுகாக்கள்: பவானி, கோயமுத்தூர், தாராபுரம், ஈரோடு, கரூர், கொள்ளேகால், பல்லடம், பொள்ளாச்சி, சத்தியமங்கலம், உடுமலைப்பேட்டை. நம் வெள்ளகோவிலும் காங்கயமும் தாராபுரம் தாலுகாவில் கிடந்தன. 1901 கணக்கெடுப்பில் ஜில்லாவின் மக்கள்தொகை 22,01,752.

பிறகு ஓரங்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. நீலகிரி 1868-லேயே தனியாகப் போய்விட்டது. கரூர் 1910-ல் திருச்சிராப்பள்ளியோடு சேர்ந்தது. மொழிவாரி மாநிலம் வந்தபோது, 1956 நவம்பர் 1-ல் கொள்ளேகால் மைசூருக்குப் போனது. இந்தக் கடைசிப் பிரிவினையை யாரும் நம் பக்கமிருந்து பேசுவதில்லை. பட்டியல் சாதி என்பது மாநிலவாரிப் பட்டியல். ஒரு மாநிலத்துச் சான்றிதழை வைத்து இன்னொரு மாநிலத்தில் சலுகை கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990-ல் உறுதியாகவே சொல்லிவிட்டது. ஒரு கோடு நடுவில் விழுந்தால், கோட்டுக்கு அந்தப் பக்கம் வாழும் சொந்தக்காரனின் உரிமைக் காகிதம் இந்தப் பக்கம் செல்லாக் காகிதம்.

1979 செப்டம்பர் 17, பெரியாரின் பிறந்தநாள். நூற்றாண்டு முடியும் அந்த நாளில், ஈரோட்டைத் தலைமையிடமாக வைத்துப் பெரியார் மாவட்டம் பிறந்தது. தாராபுரமும் காங்கயமும் அதற்குள் வந்தன. அந்தப் பெயர் ஏன் போயிற்று என்று இன்றைய மாணவர்களில் பலருக்குத் தெரியாது. அதனால் இங்கே கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

1997-ல் தென்மாவட்டங்களுக்கான ஒரு போக்குவரத்துக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயரை அரசு வைத்தது. சுந்தரலிங்கம், கட்டபொம்மன் படையில் நின்ற தேவேந்திரர். ஒரு தலித்தின் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் மறுத்தார்கள். கலவரம் மூண்டது, உயிர்கள் போயின. அரசு என்ன செய்தது? பஸ்ஸில் ஏற மறுத்தவர்களைக் கண்டிப்பதற்குப் பதிலாக, எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எடுத்துவிட்டது. எங்கள் ஊர் வழியாக ஓடிய ‘ஜீவா’வும் கோவைப் பக்கத்துச் ‘சேரன்’னும் பஸ்ஸிலிருந்து அழிந்தன. பெரியார் மாவட்டம் ஈரோடு மாவட்டம் ஆயிற்று. சாதியை ஒழிக்க வாழ்நாளெல்லாம் பேசியவரின் பெயர், சாதி வெறியர்களைச் சமாதானப்படுத்துவதற்காக எடுக்கப்பட்டது. என் சான்றிதழில் ‘ஈரோடு’ என்று படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த பஸ்தான் நினைவுக்கு வரும்.

2009 பிப்ரவரி 22-ல் திருப்பூர் மாவட்டம். கோயமுத்தூரிலிருந்து திருப்பூர், பல்லடம், உடுமலை, அவிநாசிப் பகுதிகளும், ஈரோட்டிலிருந்து தாராபுரம், காங்கயம் பகுதிகளும் இதில் சேர்ந்தன. இதற்கு முந்தைய ஆண்டுதான் தொகுதி மறுசீரமைப்பு. வெள்ளகோவில் என்ற பெயரிலேயே இருந்த சட்டமன்றத் தொகுதி அதில் காணாமல் போயிற்று. இன்று எங்கள் ஊர்க்காரருக்குக் கலெக்டர் திருப்பூரில், எம்.எல்.ஏ. காங்கயத்துக்கு, எம்.பி. ஈரோட்டுக்கு.

இனிக் கணக்குக்கு வருவோம். பழைய ஜில்லாவிலிருந்து வந்த மூன்று மாவட்டங்களிலும் 2011-ல் பட்டியல் சாதியினர் எத்தனை விழுக்காடு? கோயமுத்தூரில் 15.49. திருப்பூரில் 15.97. ஈரோட்டில் 16.41. வெட்டிய மூன்று துண்டிலும் ஏறக்குறைய ஒரே பங்கு. மாநிலச் சராசரி 20. திருவாரூரில் 34.

எங்கே வெட்டினாலும் ஏன் ஒரே அளவு? இதற்கு விடை கிணற்றில் இருக்கிறது.

கொங்கு மேட்டுநிலம். காவிரி டெல்டா மாதிரி வாய்க்கால் பாசனம் பெரிதாகக் கிடையாது. ஆழமாக வெட்டிய கிணறு, அதில் மாடு கட்டி இறைக்கும் கவலை, அதுதான் வெள்ளாமை. ஜில்லாவைப் பற்றி 1887-ல் கையேடு தொகுத்த நிக்கல்சன் முதல், கொங்கு வேளாண்மையைப் பற்றி எழுதியவர்கள் யாரும் இந்தக் கிணறுகளை விட்டுவிட்டு எழுத முடிந்ததில்லை. கவலைக்குத் தோல் பறி வேண்டும். பறி கிழிந்தால் தைக்க ஆள் வேண்டும். கயிறும் வாரும் செருப்பும் வேண்டும். மாடு பார்க்க, கவலை ஓட்ட, விடியுமுன் எழுந்து சாணி அள்ள ஒரு குடும்பம் தோட்டத்தோடு கிடக்க வேண்டும். அந்தக் குடும்பம்தான் மாதாரிக் குடும்பம். தோட்டத்துக்கு இரண்டு வீடு, ஊருக்குப் பத்து வீடு என்று எங்கள் மக்கள் இந்த மேட்டு நிலம் முழுக்கச் சிதறியது இப்படித்தான்.

டெல்டாவில் நடவுக்கும் அறுப்புக்கும் கும்பலாக ஆள் தேவை. அதனால் சேரிகள் பெரியவை. பெரிய சேரியில் சங்கம் வைக்க முடிந்தது, கூலி கேட்க முடிந்தது. அதற்குக் கொடுத்த விலைதான் 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் எரிந்த 44 உயிர்கள். இங்கே பத்து வீட்டுக்காரன் யாரிடம் போய்ச் சங்கம் வைப்பான்? கொங்கு அமைதியான பூமி என்று பெருமை பேசுகிறவர்கள், அந்த அமைதியில் பாதி எங்கள் வீட்டு எண்ணிக்கையால் வந்தது என்பதை யோசிக்க வேண்டும்.

1930-களில் பைக்காரா மின்சாரம் வந்தது. மோட்டார் வந்த கிணற்றில் பறிக்கு வேலை இல்லை. தோலும் போயிற்று, கவலையும் போயிற்று. பண்ணையம் மட்டும் போகவில்லை. அப்பாருவின் சீட்டு 1953. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976.

ஆக, தலித் மக்கள் இங்கே ஒரு பகுதியில் திரண்டு, மற்ற பகுதியில் குறைந்து வாழவில்லை. எந்த ஊரை எடுத்தாலும் ஊர் ஒரு பக்கம், வளவு ஒரு பக்கம். பிரிக்கும் கோடு மாவட்டத்துக்கும் மாவட்டத்துக்கும் நடுவில் இல்லை, ஒவ்வோர் ஊருக்குள்ளும் இருக்கிறது. அரசாங்கம் வெளியே எந்தக் கோட்டை அழித்து எந்தக் கோட்டைப் போட்டாலும் நாம் நூற்றுக்குப் பதினாறுதான். தாராபுரமும் அவிநாசியும் தனித்தொகுதிகள். அங்கும் ஜெயிக்க வைப்பது மற்ற எண்பத்துச் சொச்சம் பேர்தான். 1932 பூனா ஒப்பந்தம் பற்றிப் புத்தகத்தில் படிக்கும் தோழர்கள், அதன் விளைவைப் பார்க்கத் தாராபுரம் பஸ் ஏறினால் போதும்.

2021 ஜூலையில் ஓர் ஒன்றிய அமைச்சரின் குறிப்பில் ‘கொங்கு நாடு’ என்று அச்சாகிவிட, தனி மாநிலப் பேச்சு கொஞ்ச நாள் ஓடியது. உடனே 24 நாடுகளின் வரைபடங்கள் வாட்ஸ்அப்பில் சுற்றின. காங்கய நாடு, பூந்துறை நாடு, பொங்கலூர் நாடு என்று. அந்த நாடுகள் காணியாளர்களின் நாடுகள். எந்த நாட்டில் எந்தக் குலத்துக்குக் காணி என்று அதில் இருக்கும். பறி தைத்தவன் எந்த நாட்டைச் சேர்ந்தவன் என்று அதில் தேடிப் பயனில்லை.

வருவாய்த் துறையின் கணக்கிலும் அதே கதைதான். தாலுகாவும் பிர்காவும் வரி வசூலுக்காக வந்தவை. பட்டாதாரனுக்குத்தான் அதில் பெயர். நிலமில்லாதவன் அந்தப் பேரேட்டில் இருக்க ஒரே வழி, அந்த நிர்வாகத்தின் கடைசிப் படியில் வேலைக்காரனாக இருப்பது. மணியக்காரர், கர்ணம், அவர்களுக்கும் கீழே தோட்டி. மணியக்காரரும் கர்ணமும் பரம்பரையாக வகித்த பதவிகளை 1980-ல் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. ஆனால் தோட்டி? தமிழ்நாட்டுப் பட்டியல் சாதிகளின் பட்டியலைத் திறந்து பாருங்கள், ‘தோட்டி’ ஒரு சாதியாகவே உட்கார்ந்திருக்கிறது. கர்ணம் ஒரு சாதியாகப் பட்டியலில் ஏறவில்லை. வேலையின் பெயர் சாதியாக ஒட்டிக்கொள்வது நமக்கு மட்டும்தான்.

பெயர் என்றதும் கணக்கெடுப்பின் இன்னொரு பக்கம் தெரிகிறது. 1922-ல் எம்.சி. ராஜாவின் முயற்சியால் சென்னை அரசு ‘ஆதிதிராவிடர்’ என்ற பெயரை ஏற்றது. அது ஒரு வெற்றி. ஆனால் பழைய பெயர்கள் பட்டியலை விட்டுப் போகவில்லை. 2001 கணக்கெடுப்பில் ஆதிதிராவிடர் 54,02,755. பறையர் தனி வரிசையில் 18,60,519. சக்கிலியர் 7,77,139. அருந்ததியர் 7,71,659. கடைசி இரண்டையும் பாருங்கள். என் அப்பா ஒரு வரிசை, நான் ஒரு வரிசை! சேர்த்தால் 15,48,798. பிரித்துப் போட்டதால் இரண்டு சின்னச் சாதிகளாகத் தெரிந்தோம். மாதாரி, மாதிகா, பகடை, ஆதி ஆந்திரா, தோட்டி என்று இன்னும் ஐந்து பெயர்கள் தனித்தனியே கிடந்தன.

இந்த ஏழையும் ஒன்றாகக் கட்டியது 2009 சட்டம். நீதிபதி ஜனார்த்தனம் குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, 18 விழுக்காட்டுக்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு. அது ஏப்ரல் 29 முதல் நடைமுறைக்கு வந்தது, திருப்பூர் மாவட்டம் பிறந்து இரண்டே மாதத்தில். ஒரு பிரிவினை எங்கள் முகவரியை மாற்றியது, இன்னொன்று எங்கள் பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்த்தது. 2024 ஆகஸ்ட் 1-ல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு 6-க்கு 1 என்று உள் ஒதுக்கீடு செல்லும் என்றது. பட்டியல் சாதிகளைப் பிரிக்கிறார்கள் என்று வருந்தும் தோழர்களுக்கு ஒன்று கேட்கிறேன்: ஏழாகப் பிரிந்து கிடந்தபோது யாரும் ஏன் வருந்தவில்லை?

பெயர்க் கட்டத்தில் என்ன எழுதுகிறோம் என்பது எத்தனை பெரிய விஷயம் என்பதற்குத் தூரத்து உதாரணம் ஒன்று. 1931-ல் போலந்து கணக்கெடுப்பு நடத்தியபோது, கிழக்கே போலெசியே என்ற சதுப்பு நில மாகாணத்தில் உன் தாய்மொழி என்ன என்று கேட்டார்கள். ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதில் ‘இங்கத்திய மொழி’ என்று பதிவாயிற்று. பெரும்பாலும் ஏழைக் குடியானவர்கள். அந்தப் பதில் அரசுக்கு வசதியாகப் போயிற்று. பெலாரஸ்காரர், உக்ரைனியர் என்று எண்ணியிருந்தால் தங்கள் மொழியில் பள்ளிக்கூடம் கேட்பார்கள். ‘இங்கத்தியவர்’ என்ன கேட்க முடியும்? மாகாணத்தில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கணக்கில் இருந்தும் இல்லாமல் போனார்கள். அந்த மாகாணமும் இன்று இல்லை.

2027 மார்ச் 1-ஐக் கணக்கு நாளாக வைத்து நம் நாட்டில் சாதியோடு சேர்ந்த கணக்கெடுப்பு. எல்லாச் சாதிகளையும் கடைசியாக எண்ணி வெளியிட்டது 1931-ல். அப்போது கிடைத்தவை 4,147 சாதிகள். 2011-ல் தனியாக நடத்திய சமூகப் பொருளாதாரச் சாதிக் கணக்கெடுப்பில் 46 லட்சம் பெயர்கள் வந்து குவிந்தன. அதைச் சொல்லியே சாதி விவரத்தை வெளியிடாமல் விட்டார்கள்.

எங்கள் வளவில் இதைப் பற்றி இரண்டு கூட்டம் போட்டோம். பெரியவர்கள் ‘மாதாரின்னே சொல்லலாம், அதுதான் நம்ம பேரு’ என்கிறார்கள். பையன்கள் அருந்ததியர் என்கிறார்கள். ஆதித்தமிழர் என்று எழுத வேண்டும் என்று ஒரு தோழர் விடாமல் வாதாடினார். அவருடைய அரசியல் எனக்குப் புரிகிறது, அந்தச் சொல் எனக்கும் பிடிக்கும். ஆனால் அது பட்டியலில் இல்லாத பெயர், 46 லட்சத்தில் ஒன்றாகப் போய்விடும். கைச்சான்றிதழில் ஏழில் எது இருக்கிறதோ அதையே சொல்லுங்கள், பிறகு ஏழையும் கூட்டிக்கொள்ளலாம் என்பது என் கட்சி. ஒரே பெயராகச் சொன்னால்தான் பலம் என்று பையன்கள் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. கணக்கெடுப்பாளர் கேட்கும்போது வீட்டில் பெரும்பாலும் கிழவிகள்தான் இருப்பார்கள், மற்றவர்கள் பனியன் கம்பெனிக்கும் தறிக்கும் போயிருப்பார்கள். அதனால் வீட்டு வீட்டுக்குச் சான்றிதழ் நகலை எடுத்துக் கதவுக்குப் பின்னால் ஒட்டி வைக்கும் வேலையை மட்டும் ஆரம்பித்துவிட்டோம். 64 வீட்டில் 41 முடிந்திருக்கிறது. மீதி வீடுகளில் சான்றிதழே இல்லை.