அயலான் வீட்டு அளவுகோல்

ஓசூர் தொழில் நகரமாகி அரை நூற்றாண்டு ஆகிறது. அதற்கு முன் அது சேலம் மாவட்டத்தின் ஓரத்தில், 1965க்குப் பின் தருமபுரி மாவட்டத்தின் ஓரத்தில் கிடந்த மேட்டு நிலம். கேழ்வரகும் கொள்ளும் விளையும். மழை பொய்த்தால் அதுவும் இல்லை. 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம் சேலம் மாவட்டத்தைக் கடுமையாக வாட்டியது. 1971ல் தொடங்கப்பட்ட அரசின் தொழில் மேம்பாட்டு நிறுவனமான சிப்காட், பின்தங்கிய பகுதி என்பதாலும் பெங்களூரு அருகில் இருந்ததாலும் இந்த மண்ணைத் தேர்ந்தெடுத்தது. 1980ல் அசோக் லேலண்ட் லாரிகளும் டிவிஎஸ் 50 மொபெட்டும் இங்கிருந்து வெளிவரத் தொடங்கின. 1984ல் உருவான டைட்டன் தன் கடிகார ஆலையை இங்கேயே அமைத்தது. 2004ல் ஓசூரை உள்ளடக்கிய கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது, 2019ல் ஓசூர் மாநகராட்சியானது. இந்த வளர்ச்சியோடு மனிதர்கள் தங்களை அளந்துகொள்ளும் விதமும் மாறியது. மானாவாரிக் கிராமத்தில் பஞ்சம் வந்தால் பெரும்பாலோருக்கும் சேர்ந்தே வரும். ஆலை நகரின் தெருவிலோ நிரந்தரத் தொழிலாளி, ஒப்பந்தத் தொழிலாளி, பயிற்சியாளர், பெங்களூருச் சம்பளத்தில் மனை வாங்கியவர் என நால்வரும் அடுத்தடுத்த வீட்டில் இருக்கிறார்கள். வறுமையைவிட இந்த நெருக்கமே பொறாமைக்கு நல்ல விளைநிலம். கிறிஸ்தவ மரபு இதற்குச் சொன்ன மருந்து போதுமென்ற மனம். அந்த மனத்தை நம் முன்னோர் வெறும் உணர்ச்சியாக விட்டுவிடாமல், வீட்டுக் கணக்கிலேயே ஒரு வழக்கமாகப் பதித்து வைத்தார்கள் என்பதே இங்கே நான் நிறுவ விரும்புவது.

இந்த மாவட்டத்தில் எலத்தகிரி, கந்திகுப்பம் போன்ற பழைய கத்தோலிக்க ஊர்கள் உண்டு. சேலம் மறைமாவட்டத்திலிருந்து பிரிந்து 1997ல் உருவான தருமபுரி மறைமாவட்டத்தில் அவை அடங்கும். ஆலைகள் வந்தபின் தென்மாவட்டக் கிறிஸ்தவர்களும் இங்கே குடியேறினார்கள். அவர்களுடைய சபைகளில் அறுப்பின் பண்டிகை, தசமபாகம், கைப்பிடி அரிசி எல்லாம் பழகிய வழக்கங்கள். கைப்பிடி அரிசியின் நடைமுறை மிக எளியது. உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடியைத் தனிப் பானையில் போட்டுவிட்டுத்தான் சமையல். பானையில் சேர்ந்தது கோயிலுக்கும் ஏழைகளுக்கும் போகும். மிசோரம் திருச்சபை 1910 முதல் இதே முறையில் தன் ஊழியங்களைத் தாங்கி வருகிறது. திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்து, 1912ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரான வே. ச. அசரியா, கிறிஸ்தவக் கொடையைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவருடைய பேராயமான தோர்ணக்கல்லில் அவரிடம் இருந்த மக்களோ பெரும்பாலும் நிலமற்ற கூலிகள். மிகவும் இல்லாதவரையும் கொடுக்கக்கூடியவர் என்ற இடத்தில் உட்கார வைப்பதுதான் இவ்வழக்கத்தின் ஆற்றல். பொறாமை எப்போதும் தனக்கு மேலே இருப்பவனையே பார்க்கும். நாள்தோறும் ஒரு பிடியை எடுத்து வைக்கும் கையோ, தனக்கும் கீழே இருப்பவரை நாள்தோறும் நினைக்கும்.

இதே சிந்தனை கடன் கொடுக்கல் வாங்கலிலும் வேர் பிடித்தது. ஜெர்மனியின் ரைன் பகுதியில் ஊர்த்தலைவராக இருந்த ரைஃபைசன், அயலானை நேசி என்ற கட்டளையை அடிப்படையாகக் கொண்டு 1864ல் ஹெடஸ்டார்ஃபில் கடன் சங்கம் அமைத்தார். ஒருவரையொருவர் அறிந்த ஊராருக்கு மட்டுமே கடன். சங்கத்தின் கடனுக்கு உறுப்பினர் எல்லோரும் முழுப் பொறுப்பு. சென்னை மாகாண அரசு கேட்டுக்கொண்டபடி ஐரோப்பாவின் நில வங்கிகளை ஆராய்ந்த ஃபிரெடரிக் நிக்கல்சன், 1895லும் 1897லும் வெளியிட்ட அறிக்கையில் இந்த முறையையே பரிந்துரைத்தார். 1904ல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தது. அதே ஆண்டில் திரூரில் மாகாணத்தின் முதல் கூட்டுறவுக் கடன் சங்கம் பதிவானது. 1909ல் ராஞ்சிப் பகுதியில் ஹாஃப்மன் என்ற இயேசு சபைக் குரு, வட்டிக்காரர்களிடம் நிலத்தை இழந்துகொண்டிருந்த பழங்குடியினருக்காகக் கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கத்தைத் தொடங்கினார். முழுப் பொறுப்பு என்ற விதியின் விளைவைக் கவனிக்க வேண்டும். அயலான் நொடித்தால் நானும் நொடிவேன் என்றால், அவன் வாழ்வதே எனக்குப் பாதுகாப்பு. பொறாமைக்கு அங்கே இடமே இல்லாமல் போகிறது.

அளவுகோல் அயலான் வீட்டுக்குப் போகும்போது என்ன நடக்கும் என்பதற்கும் தமிழ்நாட்டில் வரலாறு உண்டு. ஏலச்சீட்டு நேர்மையான சேமிப்பு முறைதான். ஆனால் அதில் அவசரத்துக்கு ஒரு விலை உண்டு. இருபது பேர் மாதம் ஐயாயிரம் கட்டும் ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டை, மூன்றாம் மாதத்திலேயே இருபத்தைந்தாயிரம் தள்ளி எடுப்பவருக்குக் கையில் வருவது எழுபத்தைந்தாயிரம்தான். தள்ளிய தொகையின் பெரும்பகுதியை, காத்திருப்பவர்கள் உள்பட உறுப்பினர் எல்லோரும் பங்கிடுவார்கள். பிள்ளையின் மருத்துவத்துக்காகத் தள்ளி எடுப்பது வேறு. எதிர்வீட்டில் நிற்கும் புது வண்டிக்காகத் தள்ளி எடுப்பது, பொறாமைக்குக் கட்டும் வட்டி. 1990களில் அதிக வட்டி காட்டிய நிதி நிறுவனங்கள் சரிந்தபோது, 1997ல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2003ல் கந்துவட்டித் தடைச் சட்டம் வந்தது. 2012ல் பெருந்துறையை மையமாகக் கொண்ட ஈமு கோழி முதலீட்டு நிறுவனங்கள் சரிந்தன. பக்கத்துக்காரருக்கு மாதாமாதம் பணம் வருகிறது என்ற சேதிதான் இத்தகைய திட்டங்களுக்கு வலுவான விளம்பரம். சட்டத்தின் கை ஒவ்வொரு முறையும் இழப்புக்குப் பிறகே வந்து சேர்ந்தது.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். ஒரே இயந்திரத்தில் ஒரே வேலை செய்து பாதிச் சம்பளம் வாங்கும் ஒப்பந்தத் தொழிலாளியிடம் போதுமென்ற மனத்தைப் போதிப்பது, முதலாளிக்குச் செய்யும் ஊழியம் ஆகாதா? அப்படிப் போதித்தவர்கள் உண்டு. அது வேதத்தைத் திரித்தது. திராட்சைத் தோட்ட உவமையில் கடைசி மணி நேரத்தில் வந்தவனுக்கும் முழு நாள் கூலி கிடைக்கிறது. அது ஒப்பந்தத் தொழிலாளியின் பக்கம் நிற்கும் கதை. சம்பளம் போதும் என்று இருக்கும்படி யோவான் ஸ்நானகன் சொன்னது ஆயுதம் ஏந்திய சேவகரிடம், ஒருவரையும் மிரட்டிப் பணம் பறிக்காதீர்கள் என்பதோடு சேர்த்து. பழைய ஏற்பாட்டில் நாபோத் என்ற குடிமகனின் திராட்சைத் தோட்டத்துக்கு ஆசைப்பட்டவன் அரசன் ஆகாப். அறுத்தவர்களின் கூலியைப் பிடித்து வைத்தால் அந்தக் கூலியே கூக்குரலிடும் என்று யாக்கோபு எழுதினார். 1891ல் பதின்மூன்றாம் லியோ திருத்தந்தை வெளியிட்ட சுற்றுமடல், சிக்கனமாக வாழும் தொழிலாளியைத் தாங்கும் கூலியை நீதியாகவே கேட்டது. ஆகவே மனநிறைவு முதலில் பறிக்கும் பலம் உள்ளவனுக்கு இடப்பட்ட கட்டுப்பாடு. உரிய கூலியைக் கேட்பவன் அயலானுடையதைக் கேட்கவில்லை, தன்னுடையதைக் கேட்கிறான்.

ஆசை இல்லாமல் ஓசூரே எழும்பியிருக்காதே என்பது இன்னொரு மறுப்பு. ஆனால் இந்த ஊரை எழுப்பியது பசியும் உழைப்பும் கற்ற தொழிலும். பிள்ளை தன்னைவிட நன்றாக வாழ வேண்டும் என்ற ஆசைக்கு அளவு அந்தப் பிள்ளையின் தேவையில் இருக்கிறது. அது நிறைவேறும்போது ஓய்கிறது. பொறாமையின் அளவு அயலான் கையில் இருப்பதால் அதற்கு முடிவு கிடையாது. வள்ளுவர் அழுக்காறாமைக்கும் வெஃகாமைக்கும் அடுத்தடுத்து அதிகாரம் வைத்தார்; ஒன்று மற்றதில் போய் முடிவதை அவர் கண்டிருக்க வேண்டும். காரும் வீடும்தான் ஆசீர்வாதத்தின் அடையாளம் என்று இன்று சில மேடைகளில் கேட்கும் பிரசங்கம், இந்த நோயையே ஜெபமாக்குகிறது. தாழ்ந்திருக்கவும் வாழ்ந்திருக்கவும் தான் கற்றுக்கொண்டதாகப் பவுல் எழுதியது சிறையிலிருந்து. மனநிறைவு கற்க வேண்டிய ஒன்று என்றால் அதற்குப் பயிற்சி வேண்டும். சம்பள நாளில் முதலில் காணிக்கையும் ஏழைக்குரியதும், அடுத்து கூட்டுறவுச் சிக்கன நாணயச் சங்கத்தின் சேமிப்பும், மிச்சத்தில் குடும்பச் செலவும் என்ற வரிசைதான் அந்தப் பயிற்சி. சிப்காட் வட்டாரச் சபைகள் தங்கள் இளையோருக்கு அதைக் கற்பிப்பதும், கூலியில் அநீதி நடக்கும் இடத்தில் அவர்களோடு நின்று கேட்பதும் ஒரே கடமையின் இரண்டு பாதிகள். ஒன்றைச் செய்யாமல் மற்றதைப் போதிக்கச் சபைக்கு உரிமை இல்லை.