மில் வந்தது முன்னே, பள்ளி வந்தது பின்னே

பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் பல வீடுகளில் ஒரே பேச்சுதான் ஓடும். பிளஸ் ஒன்னா, பாலிடெக்னிக்கா, ஐ.டி.ஐ.யா? மூன்றில் கடைசியாகச் சொல்லப்படுவதற்குத்தான் மரியாதையும் கடைசி. மார்க் வராத பையன் போகுமிடம் என்று அதற்குப் பெயர் விழுந்துவிட்டது. ஆனால் பிறந்த கதை என்று பார்த்தால் மூன்றிலும் சுவையானது ஐ.டி.ஐ.யின் கதைதான். பள்ளிப் பையனை மனதில் வைத்து யாரும் அதை உண்டாக்கவில்லை. பீரங்கிக்காகப் பிறந்து, பட்டாளத்துக்காரருக்காக வளர்ந்து, அகதிகள் வழியாக நம் வீட்டுக்கு வந்து சேர்ந்தது அது.

அதற்கு முன்னால் இந்த வட்டாரத்தில் தொழில் கற்றது எப்படி என்பதிலிருந்து தொடங்குவதே முறை.

சுற்றிலும் கரிசல் மண். விளைவது கருங்கண்ணிப் பருத்தி. பருத்தி இங்கே, ஆலை வேறெங்கோ என்றுதான் நெடுங்காலம் இருந்தது. ஹார்வி சகோதரர்கள் 1880-களில் பாபநாசம் மலையடிவாரத்தில் விக்கிரமசிங்கபுரத்தில் தாமிரபரணித் தண்ணீரின் விசையில் ஓடும் நூற்பாலையை வைத்தார்கள். தூத்துக்குடியில் ஒன்று, 1892-இல் மதுரையில் ஒன்று. ராஜபாளையம் இந்த மூன்றுக்கும் நடுவே, பருத்தியை மூட்டை கட்டி அனுப்பும் ஊராக இருந்தது. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸை நிறுவினார். வெள்ளைக்காரக் கம்பெனி வைத்த ஆலை அல்ல அது, உள்ளூர்க்காரர் தொடங்கியது. பிற்காலத்தில் ராம்கோ என்று பெயரெடுத்த குழுமத்தின் முதல் படி.

ஆலைக்குக் கட்டடம் கட்டலாம், இங்கிலாந்திலிருந்து மெஷின் வரவழைக்கலாம். மெஷினுக்குப் பக்கத்தில் நிற்க ஆள்? நேற்றுவரை ஏர் பிடித்தவனும் தறியில் உட்கார்ந்தவனும்தான் இருந்தார்கள். அன்றைய இந்திய ஆலைகள் பலவற்றில் இதற்கு இருந்த ஏற்பாட்டின் பெயர் ஜாபர்.

ஜாபர்தான் ஆள் எடுப்பார், வேலை சொல்லித் தருவார், லீவு கொடுப்பார், வேண்டாதவனை வெளியே அனுப்புவார். புதிதாக உள்ளே போகிறவன் முதலில் விளக்குமாறு பிடிப்பான். ரிங் பிரேம் என்ற நூற்பு மெஷினுக்கு அடியில் சேரும் பஞ்சுத் தூசியைக் கூட்டுவான். கொஞ்ச நாளில் நூல் நிறைந்த பாபின்களைக் கழற்றி வெறும் பாபின்களை மாட்டும் டாஃபிங் வேலை கிடைக்கும். ஓடுகிற கதிரில் அறுந்த இழையை மெஷினை நிறுத்தாமல் பிடித்து ஒட்டுவதற்கு விரல் பழகியபின்தான் ஒரு பக்கத்தைத் தனியாகப் பார்க்கும் சைடர் ஆவான். இதில் எதையும் யாரும் வகுப்பு வைத்துச் சொல்லித் தரவில்லை. பக்கத்தில் நிற்பவனின் கையைப் பார்த்து, ஜாபரின் வசவைக் கேட்டு, கற்றுக்கொள்ள வேண்டியதுதான். நிரந்தரம் ஆகாதவன் பதிலியாக வாசலில் காத்திருப்பான். யாராவது வராத நாளில் ஜாபர் கை காட்டினால் உள்ளே போவான்.

அந்தக் கை காட்டலுக்கு ஒரு விலை இருந்தது. விட்லி தலைமையில் வந்த அரச தொழிலாளர் கமிஷன் 1931-இல் தந்த அறிக்கையில் ஜாபர் முறையைக் கடுமையாகவே எழுதியது: வேலைக்குச் சேர மாமூல், வேலையில் நீடிக்க மாமூல். வேலை கற்றுக்கொள்ளும் செலவு முழுவதையும் கற்றுக்கொள்கிறவனே சுமந்தான். கற்கும் காலத்தில் கூலி சொற்பம். அதிலும் ஒரு பங்கு கற்றுக்கொடுப்பவருக்கு. இந்தக் கதை முழுக்க நான் பின்தொடர்வது இந்த ஒரு கேள்வியைத்தான். கற்கும் மாதங்களுக்கு யார் காசு?

இரண்டாம் உலகப் போர் வந்தது. சிப்பாய்களுக்குப் பஞ்சமில்லை. துப்பாக்கித் தொழிற்சாலைக்கும் விமானப் பழுதுக்கும் ஃபிட்டர், டர்னர், வெல்டர் இல்லை. 1940-இல் அரசு அவசர அவசரமாகத் தொழில்நுட்பப் பயிற்சித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. 1941 முதல் இந்தியத் தொழிலாளிகள் சிலரைத் தொகுதி தொகுதியாகக் கப்பலேற்றி இங்கிலாந்துத் தொழிற்சாலைகளுக்கே அனுப்பிப் பழக்கினார்கள். அன்றைய பிரிட்டிஷ் தொழிலாளர் அமைச்சர் எர்னஸ்ட் பெவின் பெயரால் இவர்களுக்குப் பெவின் பயிலுநர்கள் என்று பெயர். குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்டில் போய் லேத் பழகியவர்கள்! சாதாரணத் தொழிலாளியின் பயிற்சிக்காக இந்திய அரசு பெரிய அளவில் கைக்காசு போட்டது அப்போதுதான். போர் இல்லாவிட்டால் போட்டிருக்குமா என்பது வேறு விஷயம்.

போர் முடிந்ததும் எதிர்ப்பக்கத் தலைவலி. லட்சக்கணக்கான பட்டாளத்துக்காரர்கள் ஊர் திரும்பினார்கள். அவர்களை வேலையில் அமர்த்துவதற்காக 1945 ஜூலையில் ஒரு இயக்ககம் உருவானது. நாம் வரிசையில் நின்று பதிந்த வேலைவாய்ப்பு அலுவலகமும் அதன் பிள்ளைதான். சாதாரணக் குடிமக்களுக்கு அது திறந்துவிடப்பட்டது 1948-இல். இதே இயக்ககத்தின் கீழ் பயிற்சி மையங்களும் நடந்தன. பிரிவினையில் வீடிழந்து வந்தவர்களுக்கு அந்த மையங்களில் இடம் கொடுத்தார்கள். 1949-இல் மற்றவர்களையும் சேர்த்தார்கள். கற்பிப்பவர்களுக்கே கற்பிக்க பிலாஸ்பூர் பக்கம் கோனி என்ற ஊரில் 1948-இல் ஒரு நிலையம் வந்தது. இத்தனையையும் தொகுத்து 1950-இல் கைவினைஞர் பயிற்சித் திட்டம் என்று பெயர் வைத்தார்கள். நாடு முழுவதும் சுமார் 50 நிலையங்கள். ஐ.டி.ஐ. பிறந்தது அப்படி. 1956 நவம்பரில் அன்றாட நிர்வாகம் மாநிலங்களின் கைக்கு வந்தது.

உள்ளே என்ன நடந்தது? அரம் பிடிக்க வைத்தார்கள். ஃபிட்டர் டிரேடில் சேர்ந்தவன் முதலில் செய்ய வேண்டியது, கரடுமுரடான ஓர் இரும்புத் துண்டை வைஸில் கவ்வ வைத்து, அரத்தால் தேய்த்துத் தேய்த்து ஆறு பக்கமும் சமமாக்குவது. மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பார்ப்பார் இன்ஸ்ட்ரக்டர். இடுக்கில் ஒளிக்கீற்று தெரிந்தால் திரும்பத் தேய்க்க வேண்டும். உள்ளங்கை கொப்புளித்து, காய்த்து, பிறகுதான் வெர்னியரும் மைக்ரோமீட்டரும் கைக்கு வரும். ஜாபரிடம் கற்றவனுக்குத் தன் மெஷின் மட்டும் தெரியும். இங்கே கற்றவன் எந்த மெஷினையும் பிரித்துப் பார்க்கலாம். வித்தியாசம் அங்கே. இன்னொரு வித்தியாசம் சான்றிதழ்: ஜாபரின் முகதாட்சணியம் இல்லாமல் வேறு ஊர் ஆலைக் கதவைத் தட்டலாம்.

1950-இல் சென்னை மாகாணத்தின் முதல்வர் பூ.ச. குமாரசுவாமி ராஜா, ராஜபாளையத்துக்காரர். அவர் ஆட்சியில் கல்வி பற்றி நாடே பேசிய சண்டை ஒன்று நடந்தது. மருத்துவ, பொறியியல் கல்லூரிகளில் வகுப்புவாரியாக இடம் ஒதுக்கிய அரசாணையை எதிர்த்த வழக்கு. 1951 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையைச் செல்லாது என்றது. அதை ஒட்டி அரசியலமைப்பின் முதல் திருத்தமே வந்தது. ஒவ்வோர் என்ஜினீயரிங் சீட்டுக்கும் கோர்ட்டு வரை போனார்கள். அரம் பிடிக்கும் சீட்டுக்கு யாரும் கோர்ட்டுக்குப் போகவில்லை. ஐ.டி.ஐ.யின் மரியாதைக் குறைவு நேற்று வந்ததில்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

1953-இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டமும் ஒரு வகையில் தொழிற்பயிற்சித் திட்டம்தான்: கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாதி நாள் பள்ளி, மீதி நாள் அப்பாவின் தொழில். குலக்கல்வி என்று தமிழ்நாடு அதை எதிர்த்த வரலாறு எல்லோருக்கும் தெரியும். விருதுநகர்க்காரரான காமராஜர் 1954-இல் முதல்வரானதும் அதைக் கைவிட்டார். ஆனால் ராஜபாளையத்தைச் சுற்றிய கிராமங்களில் நின்று பார்த்தால் இன்னொரு கோளாறும் தெரியும். அங்கிருந்து அப்பா மில்லுக்கு நடந்து போகிறார். 14 வயதுக்குக் குறைந்த பிள்ளையை ஆலைக்குள் விடக்கூடாது என்கிறது 1948-இன் தொழிற்சாலைச் சட்டம். மதியத்துக்கு மேல் அந்தப் பையன் எங்கே போய் அப்பாவின் தொழிலைக் கற்பான்? மில் வந்த ஊரில் அப்பாவின் தொழில் வீட்டில் இல்லை. திட்டம் போட்டவர்கள் மனதில் இருந்தது சக்கரம் சுற்றும் குயவரும் தறி நெய்யும் நெசவாளரும் மட்டும்.

1961-இல் அப்ரண்டிஸ் சட்டம் வந்தது. ஐ.டி.ஐ. முடித்தவனைத் தொழிற்சாலை உள்ளே எடுத்து, உதவித்தொகை கொடுத்து, குறித்த காலம் பழக்க வேண்டும். கற்கும் காலத்துச் செலவில் முதலாளிக்கும் பங்குண்டு என்று இந்தச் சட்டம் சொன்னது. அதே நேரத்தில் இந்த வட்டாரத்துத் தேவையும் மாறியிருந்தது. அப்போதைய ராமநாதபுரம் மாவட்டத்தில் நூற்பாலையைத் தாண்டி சிமெண்ட் ஆலையும் வந்துவிட்டது. இழை ஒட்டும் விரல் மட்டும் போதாது. மோட்டார், கொதிகலன், கிரஷர் எல்லாவற்றையும் பார்க்க மேற்பார்வையாளர்கள் வேண்டும். பி.ஏ.சி. ராமசாமி ராஜா 1962-இல் காலமானார். 1963-இல் அவர் பெயரில் ராஜபாளையத்தில் பாலிடெக்னிக் தொடங்கியது. ஆலை வந்து 27 ஆண்டுகளுக்குப் பிறகு. அதுவரை ஆலையே பள்ளி.

இந்த வட்டாரத்தின் கைத்திறன் எல்லாம் ஐ.டி.ஐ.க்குள் வந்துவிட்டது என்று யாரும் எண்ண வேண்டாம். சத்திரப்பட்டியில் காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள்; விசைத்தறியைப் பழுது பார்ப்பது வீட்டுக்கு வீடு கைமாறும் வித்தை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விறகடுப்பின் சூட்டை எப்போது தணிப்பது, கரண்டியை எந்த நேரத்தில் நிறுத்துவது என்பதற்கு டிரேடு கிடையாது, சர்டிபிகேட் கிடையாது. மாஸ்டரின் கைதான் சிலபஸ். அதில் தவறொன்றும் இல்லை, கூலி ஒழுங்காக இருக்கும்வரை.

1984-இல் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகள் வந்தன. கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் கல்லூரி அந்த முதல் அலையிலேயே எழுந்தது. 2013-இல் ராஜபாளையத்திலும் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி. மில் தொழிலாளியின் பிள்ளை என்ஜினீயர் ஆக வழி பிறந்தது, நல்லதுதான். கூடவே ஃபிட்டர் என்று சொல்லிக்கொள்வதற்குப் பையன்கள் கூச்சப்பட ஆரம்பித்தார்கள்.

மில்லுக்குள் அதே காலத்தில் நடந்தது வேறு. தமிழ்நாட்டின் மேற்கு, தெற்கு மாவட்டங்களின் நூற்பாலைகள் பலவற்றில் இளம்பெண்களை விடுதியில் தங்கவைத்து, மூன்று ஆண்டுகள் பயிற்சிக்காலம் என்று சொல்லி, முடிவில் திருமணச் செலவுக்கு மொத்தத் தொகை தருவதாக வேலை வாங்கினார்கள். சுமங்கலித் திட்டம் என்று அதற்குப் பெயர். டாஃபிங்கும் இழை ஒட்டுவதும் கற்க மூன்று ஆண்டு வேண்டியதில்லை. சில மாதம் போதும். மிச்சக் காலம் முழுவதும் பயிற்சியின் பெயரில் குறைந்த கூலிக்கு உழைப்பு. தொழிலாளர் அமைப்புகளும் பத்திரிகைகளும் நீதிமன்றங்களும் பேசியபின் அது பெயரளவில் ஒடுங்கியது. 1931-இல் விட்லி எழுதிய கணக்கு இங்கே வேறு உடுப்பில் திரும்பி வந்தது. கற்கும் செலவு மறுபடியும் கற்கிறவள் தலையில். ஜாபராவது முகத்துக்கு நேரே வாங்கினார்.

இப்போது தமிழ்நாட்டின் நூற்பாலை விடுதிகளில் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகள் நிறைய. குமாரசுவாமி ராஜா 1954 முதல் 1956 வரை ஒடிசாவின் ஆளுநராக இருந்தவர் என்பதை நினைத்தால் வரலாறு கொஞ்சம் குறும்புக்காரன்தான்.

அரசும் சும்மா இருக்கவில்லை. 2022 மார்ச்சில் மாணவருக்குத் திறன் பயிற்சி தரும் நான் முதல்வன் திட்டம் வந்தது. அதே ஆண்டு 71 அரசு ஐ.டி.ஐ.களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து புதுப்பிக்க ஒப்பந்தம் ஆனது. அரம் தேய்த்த இடத்தில் ரோபோ கையும் சி.என்.சி. மெஷினும். விருதுநகர் மாவட்டம் 2018-இல் மத்திய அரசின் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் சேர்ந்தது. அதன் அளவுகோல்களில் திறன் பயிற்சியும் ஒன்று. 2023-இல் இ.குமாரலிங்கபுரத்தில் மத்திய அரசின் பி.எம். மித்ரா ஜவுளிப் பூங்காவும் அறிவிக்கப்பட்டது. நூற்பு முதல் ஆயத்த ஆடை வரை ஒரே வளாகத்தில். ஆயிரம் ஏக்கருக்கு மேல் இடம். மறுபடியும் ஆலை முதலில் வருகிறது. ஆளுக்குப் பயிற்சி எங்கே, எத்தனை மாதம் என்ற பேச்சு பின்னால் வரும். இங்கே எப்போதும் இதுதான் வரிசை.

ஆனால் 1936-இல் இல்லாத ஒன்று இப்போது கையில் இருக்கிறது. அப்ரண்டிஸ் விதிகளின் 2019 திருத்தப்படி, 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எந்த நிறுவனமும் தன் ஆள் பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்தாக வேண்டும், உதவித்தொகை கொடுத்தாக வேண்டும். ஜவுளிப் பூங்காவுக்குள் வரப்போகிற ஆலைக்கும் இது பொருந்தும், ராஜபாளையத்தில் ஏற்கெனவே ஓடுகிற ஆலைக்கும் பொருந்தும். எந்த ஆலை எத்தனை பேரை எடுத்தது என்று மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கேட்கலாம். எழுத்தில் கொடுத்தால் எழுத்தில் பதில் வாங்கலாம். பிளஸ் ஒன்னா ஐ.டி.ஐ.யா என்று வீட்டுக்குள் வாக்குவாதம் செய்வதற்கு முன்னால் அப்பாக்கள் அந்தப் பதிலை ஒரு தடவை வாங்கிப் பார்க்கட்டும்.